பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கேட்ட சத்தம்

கம்ப்யூட்டரைத் தூக்கி மாமாவின் மேல் போட்டது அத்தைதான் என்று நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது உங்கள் டீச்சரே என்னிடம், "உங்க தங்கச்சி அவ்ளோ பலசாலியா சார்?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். ஆனால் நடந்தது அப்படி இல்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டவன் அவன். உங்கள் அத்தை கையில் எடுத்தது ஒரு மண்கட்டியை மட்டும்தான்.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் அடி வரும், உதை வரும், ரத்தமும் வரும். அன்றைக்கு நீங்கள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பாதியைப் பார்த்தீர்கள், மீதியைக் காதால் கேட்டீர்கள். அரைகுறையாகத் தெரிந்த விஷயம்தான் தூக்கத்தில் வந்து கத்த வைக்கிறது. முழுதும் தெரிந்தால் கொஞ்சம் தேவலை என்று நினைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் உங்கள் அத்தை புகுந்த ஊரான உத்தனப்பள்ளியில் பஸ் ஏறி ஓசூருக்கு வந்து, நம் லைன் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. இடது புருவம் பிளந்து, ரத்தம் வழிந்து காய்ந்து, கண் திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா வெந்நீரில் துணியை நனைத்து நனைத்து ஒற்றி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"எதால அடிச்சான்?"

"தக்காளி கிரேட்டால."

"என்னாத்துக்கு?"

"மார்க்கெட்ல விலை விழுந்துருச்சுண்ணா."

அவன் சின்ன லோடு வண்டி வைத்துப் பெங்களூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போகிறவன். மாமா என்று எழுதக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன். "வெலை ஏறுனா குடிச்சிட்டு அடிப்பான். விழுந்தா குடிக்காமயே அடிப்பான். டிவில தக்காளி வெலை சொன்னாலே எந்திரிச்சுப் போயி ஆஃப் பண்ணிருவேன் அண்ணி," என்றாள் உங்கள் அம்மாவிடம்.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்ணா. விஷயம் நம்ம ஊரு பாரூருக்குப் போவும். அப்பா கரும்பு வெட்டற கொடுவாளோட அப்படியே பஸ் ஏறிருவாரு. அவரு ஜெயிலுக்குப் போறதுக்கா நான் ஓடியாந்தேன்?" என்றாள். அப்புறம் சொன்னதுதான் முக்கியம். "கைல ஒரு வேலை இருந்துச்சுன்னா நான் திரும்பிப் போவமாட்டேன். இல்லேன்னா போய்த்தான் ஆவணும். உன் ஒருத்தன் சம்பளத்துல அஞ்சாவது வயிறா என்னால உக்காந்திருக்க முடியாது."

அவன் எனக்குப் போன் செய்தான். "ஒரு மாசம் பாப்பேன் மச்சான். சோத்துக்கு வழியில்லாம அதுவா வரும். வரும்போது இன்னொரு புருவமும் இருக்கில்ல," என்று சொல்லிச் சிரித்தான்.

எங்கள் கம்பெனி ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். டிவி மாதிரி ஒரு மானிட்டர், பக்கத்தில் நிற்கும் இரும்பு டப்பா, கீ போர்டு. டப்பாவின் பின்பக்கத்தில் ஒரு தகடு இல்லாமல் விரல் நுழைகிற அளவுக்குச் சந்து இருந்தது. அதை யார் பார்த்தார்கள்? உங்கள் அத்தை கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்பிங் முடித்தவள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் பத்திரிகை அடிக்கிற கடையில் வேலை கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே அடித்து அனுப்பினால் போதும். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. புருவத்தில் தையல் போட்ட முகத்தோடு உட்கார்ந்து, 'இல்லறம் இனிது நடத்த வாழ்த்த வாரீர்' என்று அடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மாதம் போனது, அவள் போகவில்லை. மழை முடிந்தது, பனியும் முடிந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் அவன் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில்தான் டப்பாவுக்குள் அந்தச் சத்தம் வந்தது.

நான் பகல் ஷிப்ட் முடித்து வீடு வந்தபோது அத்தை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. "உள்ள ஏதோ உறுமுதுண்ணா," என்றாள். "எப்படி உறுமுது?" "ஈஈஈங்னு. ரம்பத்தால அறுக்கற மாதிரி. நின்னுரும், மறுபடி வரும். அவன் வண்டி மேடு ஏறும்போது அப்படித்தான் கத்தும். என்னால உக்கார முடியல." அன்றைக்கு ஒரு பத்திரிகைகூட அடிக்கவில்லை.

இது வெடிக்கப்போகிறது என்று எனக்கும் பயம் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் ஷெட்டில் வரிசையாகப் பவர் பிரஸ்கள் நிற்கும். மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை ஒரே அடியில் வெட்டும். பெடலை மிதித்தால்தான் இறங்கும், விட்டால் நின்றுவிடும். ஒருநாள் என் பக்கத்து மிஷினில் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் புதிதாக வந்தது. அதை ஓட்டியவன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், எந்நேரமும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வான். "என்னாப்பா சத்தம்?" என்று கேட்டேன். "பசிக்குது போல, எண்ணெ கேக்குது," என்றான். சூப்பர்வைசரிடம் சொன்னான். டார்கெட் முடியட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் அவன் பெடலை மிதிக்காமலேயே அந்த இரும்பு தானாக இறங்கியது. அவன் கை உள்ளே இருந்தது. நான்கு விரலும் தகட்டுத் துண்டோடு சேர்ந்து ஸ்கிராப் தொட்டியில் விழுந்தன. ஐஸ் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்ப, அந்தத் தொட்டிக்குள் கை விட்டுத் தேடி எடுத்தவன் நான். அதிலிருந்து, எங்கேயாவது புதிதாகச் சத்தம் வந்தால் அது எதற்கு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

அன்று சாயங்காலமே டப்பாவைச் சோதிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஷெட்டில் மோட்டாரோ பேரிங்கோ கெட்டுப்போனால் நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை மிஷின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்திக்கொள்வோம். உள்ளே ஒரு மணல் துகள் உருண்டாலும் காதில் விழும். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அப்படித்தான் கேட்டேன். நீங்கள் இரண்டு பேரும் டாக்டர் வந்திருக்கிறார் என்று கத்தினீர்கள். ஃபேன் ஓடியது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

"நல்லாத்தான இருக்குது?" என்றேன்.

"நீ வந்தா அடங்கிருதுண்ணா. அவனும் அப்படித்தான். ஆம்பள ஆளுங்க இருந்தா அவ்ளோ நல்லவனா இருப்பான்," என்றாள்.

மறுநாள் பகலில் மறுபடி சத்தம். சாயங்காலம் நான் வந்தால் இல்லை. சாயங்கால இருட்டில் மூலை முடுக்கைப் பார்க்காமல் ஃபேனை மட்டும் கழற்றி, தூசியை ஊதி, எங்கள் மிஷினுக்குப் போடுகிற எண்ணெயை ஒரு சொட்டு விட்டேன். ஒரு சொட்டு என்று நினைத்தேன், அது கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. ஃபேன் சுற்றியதும் எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது. உங்கள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. அடுத்த நாள் பகலிலும் சத்தம் வந்ததாம். இத்தனைக்கும் நடுவில் அத்தை இரண்டு பத்திரிகைகளில் பெயரை மாற்றி அடித்துவிட்டாள். கடைக்காரர், "இப்படியே போனா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா," என்று சொல்லிவிட்டார். அவள் அதை என்னிடம் சொல்லாமல் உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதாள். துணிப்பையை எடுத்து உதறி மடித்து வைத்ததையும் உங்கள் அம்மா பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். காலை டிபன் முடிந்து அத்தை கம்ப்யூட்டரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில், 'ஈஈஈங்'. நானே கேட்டேன். பல்லைக் கூச வைக்கிற சத்தம். இரும்பு டப்பாவுக்குள் இருந்து வந்ததால் இன்னும் பெரிதாகக் கேட்டது. ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தால் மண்டைக்குள் துளை போடுகிற மாதிரி இருந்தது.

"ஆஃப் பண்ணு," என்றேன். அணைத்தாள். ஃபேன் மெதுவாக நின்றது. சத்தம் நிற்கவில்லை.

"பிளக்கைப் புடுங்கு!"

பிடுங்கி, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கரண்டே இல்லாத டப்பா உறுமிக்கொண்டிருந்தது. உங்களில் சின்னவன், "அப்பா, உள்ள பேய்," என்று ஓடிப்போய் அம்மா கால்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டான். பேய் என்றால்கூடப் பரவாயில்லை, கரண்ட் இல்லாமல் ஓடுகிற மோட்டார் என்றால் எனக்குப் புரியவே புரியாது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். சத்தம் சட்டென்று நின்றது. மூலையில், பின்பக்கச் சந்துக்கு நேராக, ஈர மண்ணால் கட்டிய ஒரு கூடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்த சின்னச் சட்டிகள் மாதிரி மூன்று நான்கு அறைகள். அதன் மேல் ஒரு குளவி இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றிருந்தது. வாயில் மண் உருண்டை. என்னை ஒரு முறை பார்த்தது. பிறகு தன் பாட்டுக்குக் குனிந்து, உடம்பெல்லாம் அதிர, 'ஈஈஈங்' என்று மண்ணைப் பூசத் தொடங்கியது.

"இதுக்கா இவ்ளோ நாளு செத்தேன்?" என்றாள் அத்தை. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நம் வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கூட்டைத் தட்டிவிட ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓனரம்மா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நம் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"தேவுடா! குளவிக்கூடு! தொடாத, தொடாத. யாரு முழுகாம இருக்கறது வீட்ல?"

முழுகாமல் இருப்பது என்றால் வயிற்றில் பிள்ளை இருப்பது. குளவி ஒரு வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ உண்டாகியிருக்கிறார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கூட்டை உடைத்தால் கருவுக்கு ஆகாது என்றும் சொல்வார்கள். என் அம்மா சொல்லி நானும் கேட்டிருக்கிறேன்.

ஓனரம்மா உங்கள் அம்மாவைப் பார்த்தார். "என்னைப் பாக்காதீங்க, எனக்கு ஆபரேஷன் பண்ணியாச்சு," என்றாள் உங்கள் அம்மா. ஓனரம்மாவின் கண் மெதுவாகத் திரும்பி அத்தையின் மேல் நின்றது.

"ஓனரம்மா, நான் இல்ல. இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ ஆயிருக்கும்," என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். ஓனரம்மா சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்லம்மா. வெக்கப்பட்டு மறைக்கறே. எனக்குத் தெரியாதா?" என்று அத்தையின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார்.

கூட்டை உடைக்க வேண்டாம், குஞ்சு பறந்ததும் தானாகப் போய்விடும் என்று முடிவு செய்தோம். "நானும் இங்க குடிவந்தவதான். அதும் இருந்துட்டுப் போவுது," என்று அத்தை தகட்டை மாட்டாமல் டப்பாவைத் திறந்தபடியே விட்டுவிட்டாள். சத்தம் வரும்போதெல்லாம், "என்னா மேஸ்திரி, வேலை முடியலியா?" என்று கேட்டுக்கொண்டே டைப் அடித்தாள். அந்த வாரம் ஒரு பெயர்கூட மாறவில்லை.

ஓனரம்மாவின் அண்ணன் வீடு உத்தனப்பள்ளியில் இருக்கிறது. ஓனரம்மா ஒரு விசேஷத்துக்கு அங்கே போனார். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருக்கிறார்கள், பிள்ளை வந்த சேதி கேட்டால் ஓடி வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனதோடுதான் நினைத்தார். அவன் அம்மாவிடம் போய், "உங்க மருமவ முழுகாம இருக்கு, வாய்க்குச் சர்க்கரை குடுங்க," என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். மாதக் கணக்கை அவர் யோசிக்கவே இல்லை.

அவன் யோசித்தான்.

சனிக்கிழமை மத்தியானம். உங்களுக்குப் பள்ளி இல்லை. எனக்கு இரண்டாம் ஷிப்ட், கிளம்புவதற்காகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். சந்து முனையில் வண்டி மேடு ஏறுகிற சத்தம் கேட்டது. அத்தை டைப் அடிப்பதை நிறுத்தினாள். "இது குளவி இல்ல," என்றாள்.

உங்கள் அம்மாதான் உங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. நான் வாசலுக்குப் போவதற்குள் அவன் வந்துவிட்டான். கையில் வண்டிச் சக்கரம் கழற்றுகிற ஸ்பானர், முழங்கை நீளத்துக்கு. குடித்திருக்கவில்லை.

"நவுரு மச்சான்."

"மாப்ளே, கையில இருக்கறதைக் கீழ போட்டுட்டுப் பேசு."

"உன் தங்கச்சி யாரு புள்ளையைச் சுமக்கறான்னு கேட்டுட்டுப் போடறேன்."

அவன் என்ன சொல்கிறான் என்று புரிவதற்குள் ஸ்பானர் இறங்கிவிட்டது. தலைக்கு வந்தது, நான் சாய்ந்ததால் தோளில் விழுந்தது. கழுத்தெலும்பு 'படக்' என்று உடைந்ததை நான் வலிக்கு முன்னால் சத்தமாகத்தான் கேட்டேன். முழங்கால் மடங்கி வாசல்படியில் விழுந்தேன். என்னை மிதித்துக்கொண்டு உள்ளே போனான். உங்கள் அம்மா குறுக்கே வந்து அவன் முழங்கையைக் கடித்தாள். அவளை வயிற்றில் உதைத்தான். பாத்திர ஸ்டாண்டோடு போய் விழுந்தாள். நீங்கள் கேட்ட பெரிய சத்தம் அதுதான்.

"எவன்டி அவன்? இந்தப் பொட்டியிலதான எவனோடயோ பேசிட்டிருக்கே?" என்று மானிட்டரை ஒரே அடி அடித்தான். கண்ணாடி அத்தையின் மடியில் கொட்டியது. பிறகு அந்த இரும்பு டப்பாவை ஒயரோடு பிய்த்து, தலைக்கு மேலே தூக்கி அவள் மீது எறிந்தான். தூக்கியதும் எறிந்ததும் அவன்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஒதுங்கினாள். டப்பா சுவரில் மோதி ஒரு மூலை நசுங்கிக் கீழே விழுந்தது. குளவி வெளியே பறந்து எல்லோருடைய தலைக்கு மேலும் சுற்றியது. கூட்டில் ஒரு துண்டு பெயர்ந்து உருண்டு, கட்டில் காலருகே, உங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

அத்தை வாசல் பக்கம் ஓடியிருக்கலாம். அவன் நின்ற இடத்திலிருந்து எட்டிப் பிடித்திருக்க முடியாது. அவள் ஓடாமல் குனிந்து அந்த மண்துண்டை எடுத்தாள்.

"எவன் சொன்னான் உனக்கு?"

"ஊரே சொல்லுது. குளவி கட்டியிருக்காம்ல?"

"ஆமா. இதான் குளவி கட்டுனது. நீ தேடியாந்த புள்ள இதுக்குள்ளதான் இருக்குது. வந்து பாத்துட்டுப் போ."

கட்டைவிரலால் அழுத்தி உடைத்தாள். உள்ளேயிருந்து பச்சைப் புழுக்கள், நெருக்கி அடைத்து வைத்தது மாதிரி, நான்கைந்து அவள் உள்ளங்கையில் விழுந்தன. அவனுடைய முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் பார்த்தான். ஒரு கணம் அவனுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். புரிந்தது இன்னும் கோபத்தை ஏற்றிவிட்டது. ஓங்கி அவள் வாயில் அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள், ஆனால் பின்னால் நகரவில்லை. அவன் ஸ்பானரைத் தூக்கினான்.

அப்போதுதான் ஓனரம்மா வந்தார். பக்கத்து வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தவர், துடுப்பை அப்படியே கையில் பிடித்து ஓடி வந்திருந்தார். துடுப்பு முனையில் கேழ்வரகுக் களி ஆவி பறக்க ஒட்டிக்கொண்டிருந்தது.

"டேய்! நான் சொன்ன சொல்லுடா அது! கூட்டைப் பாத்துட்டு நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணை எதுக்குடா அடிக்கறே? அடிக்கணும்னா என் வாயில அடி!"

"தள்ளு கெழவி," என்று அவரை நெட்டினான். ஓனரம்மா அவன் மணிக்கட்டிலேயே துடுப்பால் போட்டார். கட்டை அடித்ததைவிட அந்தக் களிதான் வேலை செய்தது. சூடு களி தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. அலறிக்கொண்டு ஸ்பானரை விட்டான். அதற்குள் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பியிருந்த நம் லைன் ஆட்கள் நாலைந்து பேர் உள்ளே வந்து அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் கீ போர்டு ஒயரால் அவன் கையைக் கட்டினார். அவர்களும் அவனை உதைத்தார்கள். அதையும் நீங்கள் பார்த்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தரையில் கன்னம் அழுந்தியபடியே அவன் உடைந்த கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தான். "டப்பா போச்சுல்ல? இனிமே எதைத் தட்டித் தின்னுவே? வருவேடி. நீயே வருவே."

எனக்கும் அதே பயம்தான். அந்த நேரத்தில்தான் சின்னவனே, நீ கட்டிலுக்கு அடியில் இருந்து தலையை நீட்டி, "அத்தை, புழு செத்துருச்சா?" என்று கேட்டாய்.

அத்தை மூடிய கையைத் திறந்து பார்த்தாள். உதட்டு ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "இல்ல சாமி. உசிரு இருக்குது. குளவி கொட்டிக் கொட்டி வெச்சிருக்கு, அதான் அசையாம கெடக்குது. குஞ்சு பொரிச்சு வந்து கொஞ்சங் கொஞ்சமா தின்னும்."

"ஓடிப் போவாதா?"

"முடியாது."

கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவளுக்கு மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு வந்த உங்கள் அம்மாவிடம், "வேணாம் அண்ணி. மாத்தல. இப்படியே ஸ்டேஷனுக்குப் போறேன். அப்பாவுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன், கொடுவாளை வீட்ல வெச்சிட்டு வரச் சொல்றேன்," என்றாள்.

ஓனரம்மாவும் அவளோடு ஆட்டோவில் ஏறினார். துடுப்பை எடுத்துக்கொண்டே போனார். எழுதி வாங்கிய போலீசம்மாவிடம், "மொதல்ல என் பேரை எழுதுங்க, நான்தான் ஆரம்பிச்சது," என்றாராம். அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் கோர்ட், கேஸ் என்று நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்கள் தாத்தா பாரூரிலிருந்து வெறுங்கையோடுதான் வந்தார். வந்ததும் கண்ணாடிச் சில்லையெல்லாம் பொறுக்கிக் கூட்டி அள்ளினார்.

நான் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, அத்தை டப்பாவை நடுவீட்டில் படுக்க வைத்து, கழன்றிருந்த பாகங்களை என் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக இறுக்கிச் சரி செய்திருந்தாள். மீதியிருந்த கூட்டைச் சுரண்டி எறிந்திருந்தாள். பின்பக்கச் சந்தைக் கொசுவலைத் துண்டால் அடைத்திருந்தாள். பத்திரிகைக் கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, கடையில் சும்மா கிடந்த ஒரு மானிட்டரைக் கொடுத்து அனுப்பியிருந்தார். எல்லாம் மாட்டியாகிவிட்டது. பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அவள் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை என்றால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அழுத்தினாள்.

'ட்ர்ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், மாவு மிஷின் மாதிரி. எல்லோரும் துள்ளிவிட்டோம். அப்புறம் மானிட்டரில் வெளிச்சம் வந்தது. கொஞ்சம் பொறுத்து, அன்றைக்குப் பாதியில் நின்ற காதுகுத்துப் பத்திரிகை, தாய்மாமன் பெயர் வரைக்கும் அடித்தது, அப்படியே வந்து நின்றது.

நசுங்கிய மூலை ஃபேன் மேல் உரசிக்கொண்டிருந்தது. "தட்டி நிமித்திரலாம், அந்த நைலான் சுத்தியை எடு," என்றேன், ஒற்றைக் கையோடு.

"இருக்கட்டும்ணா. இது எங்கிருந்து வருதுன்னு தெரியும்ல," என்று சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினாள்.

வாசலில் ஓனரம்மா வந்து நின்றார். சத்தத்தைக் கேட்டார். டப்பாவைப் பார்த்தார், உங்கள் அம்மாவைப் பார்த்தார், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஃபேன்தான் ஓனரம்மா," என்றாள் உங்கள் அம்மா.

"நான் ஒன்னியும் கேக்கலையே," என்றார்.

இதை நான் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். டைப் அடித்தது உங்கள் அத்தை, அதே டப்பாவில். முதல் பத்தியை அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதை ஏண்ணா மாத்தச் சொல்றே? நான்தான் தூக்கிப் போட்டேன்னு பள்ளிக்கூடத்துல சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். எனக்கு ஒன்னும் நட்டமில்ல," என்றாள்.